கந்தகம் கலந்த மீத்தேனுக்கு எந்த வினையூக்கி: பல்லேடியமா, பெரோவ்ஸ்கைட்டா, முதலில் ஒரு துருப்பெட்டியா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மதுரை அப்பளக் கூடங்களுக்கு வெயில் கைகொடுக்காது. உலர்த்த வேறு சூடு தேட வேண்டும். அதே நேரத்தில் உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து மாட்டுப் பண்ணைகளில் சாண எரிவாயு மிஞ்சிக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து, சுடர் இல்லாமல் வினையூக்கியின் மேல் மீத்தேனை எரிக்கும் ஹீட்டர் செய்யலாமே என்று நினைப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பல்லேடியம் விலை அதிகம், சாண எரிவாயுவில் உள்ள கந்தகமும் அதைக் கெடுத்துவிடும். பெரோவ்ஸ்கைட் (லாந்தனம் என்ற உலோகத்தோடு கோபால்ட், மாங்கனீசு அல்லது இரும்பு சேர்ந்த ஆக்சைடுப் படிகம்) மலிவு, கந்தகத்தைத் தாங்கும் என்கிறார்கள். அப்படியானால் அதையே போட்டுவிடலாமா? இல்லை, முதலில் துரு நிரப்பிய பெட்டி வழியாக விட்டு வாயுவிலிருந்து கந்தகத்தை நீக்க வேண்டுமா? பொறியியல் மாணவர்களிடம் இதே கேள்வி வேறு வடிவில் வரும்: ப்ராஜெக்ட்டுக்குக் கோபால்ட்டா, மாங்கனீசா, இரும்பா?

கந்தகத்துக்குத் தப்பும் பெரோவ்ஸ்கைட் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு சீக்கிரம் சோர்கிறது, படிக அமைப்பு உடைகிறதா, சூடாக்கினால் மறுபடி எழுந்து வருகிறதா என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். சாண எரிவாயுவை அப்படியே விடுவதாக இருந்தால் இந்த வித்தியாசமும் உங்களுக்கு உதவாது. ஏன் என்பதைக் கீழே உள்ள கணக்கு சொல்லும்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது படுகையின், அதாவது வாயு கடந்துபோகும் வினையூக்கி அடுக்கின், வெப்பநிலை. வினையூக்கியின் பெயர் அதற்குப் பிறகுதான். 450 டிகிரி செல்சியஸில் ஓடும் படுகையும் 800 டிகிரியில் ஓடும் படுகையும் கந்தக விஷயத்தில் இரண்டு வேறு உலகங்கள். கீழ் வெப்பநிலையில் சல்பேட் (கந்தகமும் ஆக்சிஜனும் உலோகத்தோடு சேர்ந்த உப்பு) ஒட்டினால் ஒட்டியதுதான். மேல் வெப்பநிலையில் அதில் ஒரு பகுதி தானே கழன்றுவிடும்.

அடுத்தது, படுகைக்கு வந்து சேரும் கந்தக அளவு. அதன்பின், கந்தகம் பட்ட பிறகு மிஞ்சும் வினைத்திறன். புதிய மாதிரியின் திறனைப் பார்த்து மயங்கக் கூடாது. நான்காவது மீட்பு, அதாவது ஒட்டிய கந்தகத்தை விரட்டித் திறனைத் திரும்பக் கொண்டுவருவது: எந்த வெப்பநிலையில், எந்த வாயுவில், எத்தனை முறை. இவற்றோடு நீராவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீத்தேன் எரிந்தால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீராவி வரும். உலர்ந்த வாயுவில் எடுத்த எண்களை அப்பளக் கூடத்தில் எதிர்பார்க்க முடியாது.

விலையைக் கடைசியில் வைக்கக் காரணம் உண்டு. மணிக்கு அரை கனமீட்டர் சாண எரிவாயுவை எரிக்கும் சிறு ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். சூடு மூன்று கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். காற்றோடு கலந்து மீத்தேன் 3 சதவீதமாக நீர்க்கும்போது மணிக்குச் சுமார் 10 கனமீட்டர் கலவை ஓடும். அதற்கு அரை லிட்டர் ஹனிகோம்ப் (தேன்கூடு போல் துளைகள் உள்ள கட்டி) போதும், அதன் மேல் பூசும் வினையூக்கி மருந்து ஏறத்தாழ 60 கிராம். அதில் 2 சதவீதம் பல்லேடியம் என்றால் 1.2 கிராம். பயப்படும் அளவுக்கு இல்லை. எத்தனை தடவை மாற்ற வேண்டியிருக்கும் என்பதே பயப்பட வேண்டிய செலவு.

60 கிராமுக்கு எவ்வளவு கந்தகம் போதும்

சாண எரிவாயுவில் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக, சில நூறு பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) சில ஆயிரம் வரை இருக்கும். தீவனமும் காலமும் மாறினால் அளவும் மாறும். 2,000 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டர் வாயுவில் 2 லிட்டர் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது 2.6 கிராம் கந்தகம். காற்றோடு இருபது மடங்கு நீர்த்த பிறகு படுகைக்கு வருவது சுமார் 100 பிபிஎம், அங்கே எரிந்து கந்தக டை ஆக்சைடாகும். ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாகப் பார்க்கும் 10, 20 பிபிஎம்முக்கு இது பல மடங்கு.

சிட்ரேட் முறையில் (சிட்ரிக் அமிலத்தோடு ஜெல்லாக்கிச் சுட்டு) செய்த பெரோவ்ஸ்கைட்டின் பரப்பு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர். 15 என்று எடுத்தால் 60 கிராமுக்கு 900 சதுர மீட்டர். ஒரு சதுர நானோமீட்டருக்கு நாலைந்து கந்தக அணு உட்கார்ந்தாலே பரப்பு மூடிவிடும். கணக்குப் போட்டால் முழுப் பரப்பையும் மூடத் தேவையான கந்தகம் 0.2 கிராம் சொச்சம். இது 84 லிட்டர் சுத்தம் செய்யாத சாண எரிவாயுவில் இருக்கிறது. மணிக்கு அரை கனமீட்டர் ஓடும் ஹீட்டரில் அது பத்து நிமிட வேலை.

வருகிற கந்தகம் அத்தனையும் ஒட்டிக்கொள்வதில்லை, உண்மைதான். 700 டிகிரிக்கு மேல் பெரும்பகுதி புகையோடு போய்விடும். இருந்தாலும் பத்து நிமிடம் என்ற எண் காட்டும் இடைவெளி பெரியது. பெரோவ்ஸ்கைட்டின் கலவையை மாற்றி இதை இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு என்று நீட்டலாம். வாயுவை 20 பிபிஎம்முக்குச் சுத்தம் செய்தால் ஒரே அடியில் நூறு மடங்கு நீளும்.

உள்ளே நடப்பது

பெரோவ்ஸ்கைட் என்ற கனிமம் 1839இல் யூரல் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட். அதே படிக அமைப்பில் கால்சியத்தின் இடத்தில் லாந்தனம், டைட்டானியத்தின் இடத்தில் கோபால்ட், மாங்கனீசு, இரும்பு என்று வைத்துச் செய்வதுதான் நாம் பேசும் வினையூக்கிகள். மீத்தேனின் முதல் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்க மோலுக்கு 439 கிலோஜூல் வேண்டும். அந்த வேலையைக் கோபால்ட், மாங்கனீசு, இரும்பு போன்ற சிறிய உலோகமும், அது பிடித்துக் கொடுக்கும் ஆக்சிஜனும் செய்கின்றன. லாந்தனம் படிகச் சட்டகத்தைத் தாங்கி நிற்கிறது.

கந்தகத்துக்குப் பிடித்த ஆள் லாந்தனம். அது காரத்தன்மை உள்ளது, கந்தக டை ஆக்சைடு அமில வாயு. பரப்பில் முதலில் சல்பைட் ஒட்டும், அங்கேயே ஆக்சிஜன் ஏறிச் சல்பேட் ஆகும். ஆக்சிஜனேற்றத்தில் கெட்டிக்கார வினையூக்கி கந்தக டை ஆக்சைடையும் வேகமாக டிரை ஆக்சைடாக்கும், அதனால் தன் நச்சைத் தானே சமைத்துக்கொள்ளும். நேரம் போகப் போக லாந்தனம் சட்டகத்தை விட்டு வெளியே இழுக்கப்பட்டு லாந்தனம் சல்பேட், ஆக்சிசல்பேட் என்று பிரியும். கோபால்ட் தனி ஆக்சைடாக ஒதுங்கும். அதன் பிறகு நீங்கள் செய்த பெரோவ்ஸ்கைட் அங்கே இல்லை.

எந்தச் சல்பேட் எந்த வெப்பநிலையில் உடைகிறது என்பதே மீட்புக்குத் தலைவிதி. காற்றில் தோராயமாக: இரும்புச் சல்பேட் 600–700 டிகிரி, அலுமினியம் சல்பேட் 700–850, கோபால்ட் சல்பேட் 750ஐ ஒட்டி, மாங்கனீசுச் சல்பேட் 850 அளவில், மக்னீசியம் சல்பேட் 1,000 அளவில். லாந்தனம் சல்பேட் பாதி வழியில் ஆக்சிசல்பேட்டாக நின்றுவிடும், அது 1,200ஐத் தாண்டியும் அசையாது. ஸ்ட்ரான்சியம் சல்பேட் 1,500க்கும் மேல். வாயுவில் கந்தகம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் இந்த எண்கள் எல்லாம் இன்னும் மேலே நகரும்.

ஒரு விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மீத்தேன் ஒரு சதவீதம் எரிந்தால் வாயுவின் வெப்பநிலை சுமார் 250 டிகிரி ஏறும். எனவே படுகையின் பின்பகுதி 800 டிகிரியில் இருந்தாலும் முன்முனை 400, 450 டிகிரியில்தான் நிற்கும். கந்தகம் வந்து ஒட்டுவது அந்தக் குளிர்ந்த முன்முனையில், பற்றவைக்கும் வேலையும் அங்கேதான் நடக்க வேண்டும். பின்பகுதி நன்றாக இருந்தும் ஹீட்டர் காலையில் பற்ற மறுப்பதற்கு இதுவே காரணம்.

பல்லேடியம், அலுமினா மேல்

அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மேல் ஏற்றிய பல்லேடியம் இது. கீழ் வெப்பநிலையில் மீத்தேனை எரிக்க இதற்கு இணை இல்லை. 300 முதல் 400 டிகிரிக்குள் பாதி மீத்தேன் எரிந்துவிடும். ஆனால் 1 பிபிஎம் கந்தகமே இதைச் சாய்க்கப் போதும். அலுமினா கொஞ்ச நாள் காப்பாற்றும்: கந்தகத்தைத் தான் வாங்கி அலுமினியம் சல்பேட் ஆக்கிக்கொண்டு பல்லேடியத்துக்கு அவகாசம் கொடுக்கும். அந்தக் கடனை மீட்பின்போது திருப்பிக் கேட்கும். சூடாக்கும்போது அலுமினா விடுகிற கந்தகம் மறுபடி பல்லேடியத்தில் போய் ஒட்டும். சிலிக்கா மேல் ஏற்றினால் இதற்கு நேர்மாறாக, சீக்கிரம் சாயும், சீக்கிரம் எழும்.

நீராவியும் 450 டிகிரிக்குக் கீழே இதைத் தடுக்கும். ஆக்சிஜன் மிகுந்த வாயுவில் மீட்க 650 டிகிரி அளவுக்கு ஏற்ற வேண்டும். எரிபொருள் மிகுந்த வாயுவைச் சிறு இடைவெளிகளில் செலுத்தினால் 500–550 டிகிரியிலேயே மீளும். மேல் எல்லையும் உண்டு: காற்றில் 800 டிகிரி அளவில் பல்லேடியம் ஆக்சைடு உலோகமாகிவிடும், இறங்கும்போது உடனே திரும்பாது. இடையில் ஹீட்டர் திணறும்.

லாந்தனம் கோபால்டைட்

பெரோவ்ஸ்கைட்களில் புதிதாக இருக்கும்போது முன்வரிசை கோபால்ட் சேர்ந்த இதற்குத்தான். வேதியியல் நோபல் வாங்கிய வில்லார்ட் லிபி 1971இல் சயன்ஸ் இதழில், கார்ப் புகைக்கு விலைமிக்க உலோகத்துக்குப் பதிலாக இதைப் பரிந்துரைத்தார். அது நடக்காமல் போனதற்குக் கந்தகம் ஒரு முக்கியக் காரணம். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை அதிகம் மாறவில்லை. சல்பேட் பரப்போடு நிற்காமல் படிகத்துக்குள் இறங்குவதில் கோபால்டைட்தான் முதல். ஹைட்ரஜனில் மீட்கலாம் என்று 600 டிகிரிக்குக் கொண்டுபோனால் கோபால்ட் உலோகமாகவும் லாந்தனம் ஆக்சைடாகவும் பிரிந்துவிடும். நோய்க்குத் தப்பி மருந்தில் சாகிற கதை. கோபால்ட் தூள் உடலுக்குக் கெடுதல் என்பதால் முகமூடி, கையுறை, கழிவு அகற்றல் என்ற செலவும் சேரும். கந்தகமே இல்லாத மீத்தேனுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

கோபால்ட்டின் ஒரு பகுதியை இரும்பால் மாற்றினால் தொடக்கத் திறன் கொஞ்சம் இறங்கும், சாகும் வேகம் அதைவிட அதிகமாக இறங்கும். நல்ல பேரம்.

லாந்தனம் மாங்கனைட்

என் கணிப்பில் நடுவழி மாங்கனீசு சேர்ந்த இதுதான். பாதி மீத்தேன் எரிய 450–550 டிகிரி. கூடுதல் ஆக்சிஜனைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் குணம் இருப்பதால் கோபால்டைட்டுக்கு அதிகம் பின்தங்குவதில்லை, சட்டகமும் அவ்வளவு எளிதில் உடைவதில்லை. மாங்கனீசில் ஒரு பகுதிக்கு மக்னீசியத்தை வைத்து, கூடவே தனி மக்னீசியம் ஆக்சைடையும் கலந்து செய்வது இதன் நல்ல வடிவம். கந்தகம் முதலில் மக்னீசியத்தைப் பிடிக்கும், லாந்தனம் கொஞ்சம் தப்பும். மக்னீசியம் சல்பேட் நீரில் கரைவதால், அம்மோனியா கலந்த நீரில் கழுவி ஓரளவு மீட்கவும் முடியும்.

தியாகத்துக்கு வைத்த மக்னீசியம் தீர்ந்த அன்றைக்கு வீழ்ச்சி தொடங்கும். அதுவரை வரைபடம் தட்டையாக இருக்கும், நம்பிக்கை கூடும். குறுகிய சோதனையில் இது 'கந்தகத்தைத் தாங்கும்' வினையூக்கி போலவே தெரிவதற்கு அதுதான் காரணம். சோதனையை நிறுத்தும் முன் உள்ளே வைத்த மக்னீசியத்தின் மோல் கணக்கையும் அனுப்பிய கந்தகத்தின் மோல் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

லாந்தனத்தின் இடத்தில் ஸ்ட்ரான்சியம் சேர்த்துத் திறனைக் கூட்டும் வழக்கம் உண்டு. கந்தகம் வரும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள். ஸ்ட்ரான்சியம் சல்பேட்டை எந்த ஹீட்டர் வெப்பநிலையும் உடைக்காது.

லாந்தனம் ஃபெரைட்

இரும்பு சேர்ந்தது இது. திறன் குறைவு, பாதி எரிய 500–600 டிகிரி. ஆனால் மூன்றிலும் சட்டகம் உறுதியானது இது. இரும்புச் சல்பேட் கீழ் வெப்பநிலையிலேயே உடையும், 500–600 டிகிரியில் சிறிது ஹைட்ரஜனைத் தாங்கும், விஷத்தன்மை இல்லை, மூலப்பொருள் எங்கும் கிடைக்கும். 700 டிகிரிக்கு மேல் ஓடும் படுகையில் மாங்கனைட்டுக்கும் இதற்கும் உள்ள திறன் இடைவெளி சுருங்கிவிடும், அங்கே ஃபெரைட்டே மேல். 450 டிகிரியில் ஓடும் மேற்பரப்பு ஹீட்டருக்கு இது ஒத்துவராது.

டைட்டானியம், சிர்கோனியம் போன்ற அமிலத்தன்மை உள்ளவற்றைச் சட்டகத்தில் சேர்த்தால் கந்தகம் ஒட்டுவது குறையும். மீத்தேன் எரிவதும் குறையும்.

பல்லேடியமும் பெரோவ்ஸ்கைட்டும் சேர்ந்து

2002இல் நேச்சர் இதழில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு பெரோவ்ஸ்கைட்டைக் காட்டினார்கள். இரும்பு, கோபால்ட், பல்லேடியம் மூன்றும் அதன் சட்டகத்துக்குள் இருந்தன. பல்லேடியம் ஆக்சிஜன் மிகுந்தபோது உள்ளே போய், குறைந்தபோது வெளியே வந்து, திரளாமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. பெட்ரோல் காரின் புகை இரண்டு பக்கமும் மாறி மாறி அசைவதால் அங்கே அது நடந்தது. நம் ஹீட்டரில் எப்போதும் ஆக்சிஜன் மிகுதி. உள்ளே போன பல்லேடியம் உள்ளேயே உறங்கும். எனவே மீத்தேன் எரிக்கப் பல்லேடியத்தைச் சட்டகத்தில் புகுத்தாமல் மேலே ஏற்றுவது நல்லது. மாங்கனைட்டும் சிர்கோனியாவும் (சிர்கோனியம் ஆக்சைடு) கலந்த அடித்தளத்தில் பல்லேடியம் ஏற்றி வீட்டு எரிவாயு பர்னருக்கான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கந்தகத்தில் ஒரு பங்கைப் பெரோவ்ஸ்கைட் வாங்கிக்கொள்ளும், பற்றவைப்பு பல்லேடியத்தால் நடக்கும்.

ஹெக்சா அலுமினேட்

அலுமினா அதிகம் உள்ள இந்த ஆக்சைடு, 1,200 டிகிரிக்கு மேல் சுட்டும் பரப்பை அதிகம் இழக்காத பொருள். 600–700 டிகிரிக்குக் கீழே தூங்கும். 900 டிகிரியில் ஓடும் படுகையின் பின்பகுதிக்கு ஏற்றது, கந்தகம் அங்கே ஒட்டவே நேரம் கிடைக்காது. அப்பள ஹீட்டருக்கு வேண்டாம்.

ஒரே பார்வையில்

| தேர்வு | பாதி மீத்தேன் எரியும் வெப்பநிலை, கந்தகம் இல்லாமல் | கந்தகம் பட்டால் | மீட்பு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| பல்லேடியம், அலுமினா | 300–400 டிகிரி | 1 பிபிஎம்மிலேயே சாயும் | 650 டிகிரி, அல்லது எரிபொருள் மிகுந்த வாயுவில் 500–550 | நீராவித் தடை, அடிக்கடி மீட்பு |
| கோபால்டைட் | 450–500 | சட்டகமே உடையும் | பெரும்பாலும் இல்லை | தூளின் நச்சு, கழிவு அகற்றல் |
| மாங்கனைட், மக்னீசியத்தோடு | 450–550 | மெதுவாகத் தொடங்கி ஒருநாள் விழும் | கழுவி ஓரளவு | கழற்றி மாட்டும் வேலை |
| ஃபெரைட் | 500–600 | பரப்போடு நிற்கும் வாய்ப்பு அதிகம் | சூட்டில் நன்றாக | முன்சூட்டுக்குக் கூடுதல் மின்சாரம் |
| பல்லேடியம், மாங்கனைட் மேல் | 350–450 | நடுத்தரம் | நடுத்தரம் | தயாரிப்பு கடினம் |
| ஹெக்சா அலுமினேட் | 600–700க்கு மேல் | உயர் சூட்டில் கவலை இல்லை | தேவைப்படாது | பற்றவைக்க வேறொன்று வேண்டும் |

எண்கள் பரப்பு, ஓட்ட வேகம், மீத்தேன் செறிவு மூன்றையும் பொறுத்து ஐம்பது டிகிரி இப்படியோ அப்படியோ நகரும். வரிசை பெரும்பாலும் நகராது.

துருப்பெட்டி

வினையூக்கியை மாற்றுவதற்கு முன் வாயுவைச் சுத்தம் செய்வதை எடைபோட்டே ஆக வேண்டும். துரு, அதாவது இரும்பு ஆக்சைடு, ஒரு கிலோ, கணக்குப்படி 640 கிராம் ஹைட்ரஜன் சல்பைடை வாங்கும். நடைமுறையில் மூன்றில் ஒரு பங்கு என்று வையுங்கள், 200 கிராம். தினம் 2 கனமீட்டர் தரும் வீட்டுக் கலனில் 2,000 பிபிஎம் என்றால் நாளுக்கு 5.5 கிராம். ஒரு கிலோ துரு ஒரு மாதத்துக்கு மேல் வரும்.

கப்பலூர்ப் பக்கத்து லேத் பட்டறைகளில் இரும்புச் சீவல் கிடைக்கும். அதில் கட்டிங் ஆயில் ஒட்டியிருக்கும். எண்ணெய் போகச் சோப்பு நீரில் கொதிக்க வைக்காமல் போட்டால் துருவும் ஏறாது, கந்தகமும் ஏறாது. பிறகு உப்பு நீர் தெளித்து, காய விட்டு, மறுபடி தெளித்து, சிவந்த துரு உதிரும் வரை விடுங்கள். ஸ்டெயின்லெஸ் சீவல் கலந்து வந்தால் அது துருப்பிடிக்காமல் பளபளவென்று நிற்கும், பொறுக்கி எறியுங்கள். சீவலில் துரு மேல்தோலில் மட்டும் இருப்பதால் ஒரு கிலோ துருவுக்குச் சீவல் பல கிலோ ஆகும். ஆறு அங்குலப் பிவிசி குழாய் இரண்டைத் தொடராக வைத்தால், முதலாவது தீர்ந்ததும் இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவரலாம். கலனின் அழுத்தம் சில அங்குல நீர்மட்டம்தான், எனவே இறுக்கி அடைக்காதீர்கள். துரு ஈரமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் காய்ந்து வேலை நின்றுவிடும், நிழலில் வையுங்கள். செப்புக் குழாயும் பித்தளை வால்வும் இதற்கு முன்னால் இருந்தால் கறுத்து அரித்துப்போகும்.

தீர்ந்த துரு கறுப்பாகும். காற்றில் வைத்தால் கந்தகம் பிரிந்து மறுபடி சிவக்கும், அப்போது நன்றாகச் சூடாகும். குவித்து வைத்தால் தீப்பிடிக்கும். மெல்லிய படலமாகப் பரப்பி நீர் தெளித்தபடி, ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு தங்கிய கந்தகம் வழியை அடைத்துவிடும், புதிது போடுங்கள்.

இதற்குப் பின் அயோடைடு ஏற்றிய தேங்காய்ச் சிரட்டைக் கரி ஒரு சிறு குழாயில் வைத்தால் கடைசி சில பிபிஎம்மும் போகும். கரி வேலை செய்யக் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும். எரிவாயுவுக்குள் காற்றைக் கண்மூடித்தனமாக விடுவது ஆபத்து. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை வெடிக்கும். பெட்டிக்குப் பின் லெட் அசிடேட் காகிதம் வைத்துப் பாருங்கள். கறுத்தால் பெட்டி தீர்ந்தது. மூக்கை நம்பாதீர்கள்: ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், உயிருக்கு ஆபத்தான அளவும் அதேதான்.

எந்த இடத்தில் எது

*அப்பளம் உலர்த்த, 400–500 டிகிரி மேற்பரப்பு ஹீட்டர்.* துருப்பெட்டி, கரி, அதன் பின் பல்லேடியம் அல்லது மாங்கனைட் மேல் பல்லேடியம். பெட்டி இல்லாமல் எந்த வினையூக்கியும் வேண்டாம். வினையூக்கி கந்தகத்தை நீக்குவதில்லை, ஹைட்ரஜன் சல்பைடைக் கந்தக டை ஆக்சைடு ஆக்குகிறது, அவ்வளவுதான். அப்பள மாவில் அப்பளக்காரம் இருக்கிறது. காரத்தன்மை உள்ள ஈர மாவு அந்த அமில வாயுவை இழுத்துக்கொள்ளும். புகை அப்பளத்தில் படாதபடி சூடான காற்றை மட்டும் அனுப்பும் வெப்பப் பரிமாற்றி வைத்தால் நல்லது. அதிலும் ஒரு கண்ணி: கந்தக டிரை ஆக்சைடு 120–150 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் கந்தக அமிலமாகச் சொட்டும், தகடு ஓட்டையாகும்.

*பால் காய்ச்ச, சமைக்க.* வினையூக்கியே வேண்டாம். சாதாரணச் சாண எரிவாயு அடுப்பு போதும்.

*எரிவாயு ஜெனரேட்டரின் புகையில் எரியாமல் தப்பும் மீத்தேன்.* புகை 400–500 டிகிரி, நீராவி பத்து சதவீதத்தை ஒட்டி. பெரோவ்ஸ்கைட் தனியாக இங்கே திணறும். முன்சுத்தம் செய்து பல்லேடியம் வைத்து, மாதம் சில முறை எரிபொருள் கூட்டி மீட்பது நடைமுறை. புகைக் குழாய்க்கு வெப்பக் காப்பு சுற்றி ஐம்பது டிகிரி கூட்டுவது, புதிய கலவை தேடுவதைவிட அதிகப் பலன் தரும்.

*சர்க்கரை ஆலையை ஒட்டிய வடிசாலைக் கழிவுநீர் வாயு.* கந்தகம் இங்கே சதவீதக் கணக்கில் வரும். துருப்பெட்டி தாங்காது, உயிரியல் முறை அல்லது காரக் கரைசல் கழுவல் வேண்டும். அதற்குப் பிறகும் 800 டிகிரிக்கு மேல் ஓட்ட முடிந்தால் ஃபெரைட்டை முன்னாலும் ஹெக்சா அலுமினேட்டைப் பின்னாலும் வைக்கலாம்.

*கல்லூரி ப்ராஜெக்ட்.* ஃபெரைட்டில் தொடங்கி, இரும்பில் ஒரு பகுதியை மாங்கனீசால் மாற்றிப் போவது பாதுகாப்பானது, சொல்லவும் விஷயம் இருக்கும்.

ப்ராஜெக்ட் செய்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

10 கிராம் ஃபெரைட்டுக்கு லாந்தனம் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 17.8 கிராம், இரும்பு நைட்ரேட் நோனாஹைட்ரேட் 16.6 கிராம், சிட்ரிக் அமிலம் மோனோஹைட்ரேட் 17.3 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி. 80 டிகிரியில் கிளறி ஜெல் ஆக்கி, 110இல் உலர்த்தி, நிமிடத்துக்கு 2 டிகிரி ஏற்றி 700 டிகிரியில் ஐந்து மணி நேரம். ஜெல் பொங்கும், நைட்ரேட் இருப்பதால் திடீரென்று தானே பற்றிக்கொள்ளவும் கூடும். அளவைப் போல ஐந்து மடங்கு பெரிய பாத்திரம், ஃப்யூம் ஹூட் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு), முகக் கவசம்.

லாந்தனம் நைட்ரேட் ஈரம் இழுக்கும். மழைக்காலத்தில் திறந்து வைத்த பாட்டிலில் எடுத்தால் லாந்தனம் குறையும். லாந்தனம் ஆக்சைடிலிருந்து தொடங்குபவர்கள் 900 டிகிரியில் சுட்டு ஆறவைத்து உடனே எடைபோட வேண்டும், இல்லாவிட்டால் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து நிறுப்பீர்கள். தவறி லாந்தனம் மிஞ்சினால் அது தனி ஆக்சைடாக நின்று கந்தகத்தை முதலில் குடிக்கும், உங்கள் மாதிரி தாங்குவது போலத் தெரியும்.

சோதனைக்கு 500 பிபிஎம் கந்தக டை ஆக்சைடு சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 4 மில்லி எடுத்து மொத்தம் 100 மில்லியில் கலந்தால் 20 பிபிஎம். ரப்பர் குழாயும் ஈரத்தைப் பிடிக்க வைக்கும் நீர்ப் பொறியும் கந்தகத்தை விழுங்கும். டெஃப்லான் குழாய், ஸ்டெயின்லெஸ் ரெகுலேட்டர் வேண்டும். நீராவி 10 சதவீதம் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு ஓட்டம். கந்தகம் இல்லாமல் அதே வெப்பநிலையில் அதே நேரம் ஓட்டிய துணை மாதிரி கட்டாயம், இல்லாவிட்டால் சூட்டில் பரப்பு சுருங்கியதையும் கந்தகத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

மீத்தேன் முழுவதும் எரியும் வெப்பநிலையில் சோதனை வைக்காதீர்கள். 100 சதவீதத்தில் ஓடும் படுகையில் பாதி செத்தாலும் மீதிப் பாதி சமாளித்து 100 காட்டும். 30, 40 சதவீதம் எரியும் இடத்தில் வைத்தால் முதல் மணி நேரத்திலேயே உண்மை தெரியும். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்ரே கொண்டு படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) மாற்றம் இல்லை என்பதை வைத்துக் கந்தகம் ஒட்டவில்லை என்று எழுத முடியாது, பரப்புச் சல்பேட் அதில் தெரியாது. சல்பேட்டின் சிகரத்தை அகச்சிவப்பு நிறமாலையில் 1,000 முதல் 1,200 அலைஎண் வரை பாருங்கள், எக்ஸ்பிஎஸ்ஸில் (எக்ஸ்ரே கொண்டு பரப்பில் உள்ள அணுக்களைப் பார்க்கும் சோதனை) 168–169 எலக்ட்ரான் வோல்ட். மீட்டபின் இரண்டையும் மறுபடி எடுங்கள். திறன் திரும்பியும் அந்தச் சிகரம் அப்படியே இருந்தால் கந்தகம் போகவில்லை, லாந்தனத்துக்கு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த சுற்றில் வீழ்ச்சி இன்னும் சீக்கிரம் வரும்.